கௌரியக்காவைக் கொடுத்து இரண்டு பந்தெறிபவர்களை வாங்கிய கதை

தொலைக்காட்சியில் பேஸ்போல் அளவுக்கு மிஞ்சிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி வரும். மனிதர்கள் மனிதர்களாகத் தெரியமாட்டார்கள். இந்த அணி இவனைக் கொடுத்தால் அந்த அணியிடம் யாரை வாங்கலாம், அவனுக்கு இன்னும் எத்தனை வருசம் ஓடும் என்றே புத்தி போகும். எனக்கு அந்த வியாதி முற்றியபோது, என் மனைவியின் அக்காவைக் கொடுத்துவிட்டேன்.

கனடாவில், நாங்கள் இருக்கும் யூனியன்வில்லில், எங்கள் சொந்தக்காரரும் அயலவரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ்போல் ஆடும் ஓர் அணி இருந்தது. ஆண், பெண், இளசு, பழசு எல்லாம் கலந்த அணி. நான் அதன் மனேஜர். (யாரும் தெரிவு செய்யவில்லை. மட்டைகள் என் காரின் டிக்கியில் இருந்தன. பதவியும் கூடவே வந்து ஏறிக்கொண்டது.)

அணியின் முதுகெலும்பு என் மனைவியின் அக்கா, கௌரியக்கா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். ஐம்பதைத் தாண்டியவர், வலது முழங்காலில் எப்போதும் ஒரு பட்டி. பள்ளி நாட்களில் ஊரில் எல்லே (பேஸ்போல் மாதிரி ஒரு மட்டை விளையாட்டு) விளையாடிய கை. பட்டால் பந்து காணாமல் போகும். ஆனால் அந்தக் கோடையில் படவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் காற்றைத்தான் அடித்துக்கொண்டிருந்தார். போதாததற்கு எங்களிடம் பந்தெறிய உருப்படியான ஆளும் இல்லை. நான்தான் எறிந்தேன். என் பந்து போய்ச் சேருவதற்குள் அடிப்பவர் ஒருவாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

எங்களோடு மோதும் வெக்ஸ்போர்ட் அணியில் இதற்கு நேர்மாறு. அங்கே ஆரணி, நிரோஷ் என்று அக்காவும் தம்பியும், இருவரும் கனடாவில் பிறந்தவர்கள், பந்தைத் துப்பாக்கியால் சுடுவதுபோல் எறிவார்கள். அடிக்கத்தான் ஆளில்லை. அவர்களுடைய மனேஜர் குமாரண்ணை ஒருநாள் கோப்பிக்கடையில் வைத்துக் கேட்டார்.

"கௌரியை எங்களுக்குத் தாரும். இந்தப் பிள்ளையள் ரெண்டு பேரையும் நீர் கொண்டுபோம்."

ஒரு வாரம் யோசித்தேன். ஒரு பக்கம் வயது, முழங்கால், காற்று. மறுபக்கம் இளமை, வேகம், எதிர்காலம். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. மனைவி விஜியிடம் சொன்னேன்.

"அக்கா என்ன பழைய சோஃபாவே, குடுத்து மாத்துறதுக்கு?" என்றாள்.

"இது விளையாட்டு முடிவு விஜி. குடும்ப முடிவு இல்லை." (இந்த வசனத்தைக் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தேன்.)

"அப்ப நீங்களே போய் அக்காட்டைச் சொல்லுங்கோ."

றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில், மதியச் சாப்பாட்டு வரிசையில் வைத்துச் சொல்வதென்று தீர்மானித்தேன். கோயிலுக்குள் யாரும் சத்தம் போடமாட்டார்கள் என்று ஒரு கணக்கு.

"அக்கா, உங்களுக்கும் வயது போகுது. முழங்காலும் ஏலாது. இனி உங்களை வெக்ஸ்போர்ட்டுக்கு அனுப்புறதுதான் நல்லமெண்டு நினைக்கிறன். அங்கை உங்களை நல்லாப் பாப்பினம்."

எங்களுக்கு முன்னால் நின்ற, எங்கள் குடும்பத்தைத் தெரிந்த ஒரு அன்ரி தட்டோடு திரும்பினார்.

"தம்பி, மனிசியின்ரை தமக்கையை முதியோர் இல்லத்திலை விடப் போறீரோ? அதையும் கோயிலுக்குள்ளை நிண்டு சொல்லுறீரோ?"

வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவரின் அகப்பை அந்தரத்தில் நின்றது. கௌரியக்கா மட்டும் அசையவில்லை.

"ஆரைத் தாறாங்கள்?" என்று கேட்டார்.

"ஆரணியும் நிரோஷும்."

"எனக்கு ரெண்டு பேரோ!" முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அன்ரியின் பக்கம் திரும்பி, "அன்ரி, என்னைக் குடுத்து ரெண்டு இளம் பிள்ளையளை எடுக்கினம்!" என்று பெருமையாகச் சொன்னார்.

(அந்த அன்ரி இன்றைக்கும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என்னதான் விளங்கிக்கொண்டார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.)

பிறகு வெற்றிமேல் வெற்றி. ஆரணியும் நிரோஷும் எதிரணிகளை மடக்கினார்கள். நான் மனேஜர் என்ற முகத்தோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கோடை முடியும் நேரத்தில் வெக்ஸ்போர்ட்டோடு மோதினோம்.

கடைசிக் கட்டம். எங்களுக்கு இரண்டு ஓட்டம் முன்னிலை. அவர்களில் இருவர் பாதி வழி ஓடி மூலைகளில் நிற்கிறார்கள்; நாலு மூலையையும் சுற்றி வந்தால்தான் ஓர் ஓட்டம். இன்னும் ஒருவரை வெளியேற்றினால் ஆட்டம் முடிந்தது. மட்டையோடு வந்தவர் கௌரியக்கா. எறிய நின்றவள் ஆரணி.

முதல் பந்து. காற்று. இரண்டாவது பந்து. மறுபடி காற்று. மூன்றாவதும் காற்றென்றால் அவர் அவுட். மைதானத்தின் வெளி ஓரத்தில் பந்து பிடிக்க நின்ற நான், எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன்.

"எல்லாரும் கிட்ட வாங்கோ! உது தூரம் போகாது!"

கௌரியக்கா தலையை நிமிர்த்தி என்னை ஒருமுறை பார்த்தார். கோபமில்லை. பஸ்ஸில் குழப்படி செய்யும் பிள்ளையைக் கண்ணாடியில் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

ஆரணி எறிந்தாள். பந்து என் கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. அதை எப்படிச் சொல்வது? அந்த ஒரு சத்தத்தில் மைதானம் முழுவதும் வாயை மூடிக்கொண்டது. பிறகு பந்து எழும்பியது. எழும்பி எழும்பி, இனி விழும் என்று நினைத்த இடத்தில் விழ மறந்து, இன்னும் போனது. என் தலைக்கு மேலாக அது போனபோது நான் கையைக்கூடத் தூக்கவில்லை. அந்த முழங்காலில், அந்த வயதில், அந்த வேகத்துக்கு எதிராக ஒரு மனிசி இப்படியும் அடிக்க முடியுமா? ஆரணிகூடத் தோற்கிறோம் என்பதை மறந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்தபடி பந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

யாரோ கத்தி எனக்குச் சுயநினைவு வந்தது. ஓடிப்போய் வேலியோரம் கிடந்த பந்தை எடுத்தேன். திரும்பினால் மூலைகளில் நின்ற இருவரும் சுற்றி முடித்து வீடு (கடைசி மூலைக்கு அதுதான் பெயர்) சேர்ந்துவிட்டார்கள், ஓட்டங்கள் சமம். கௌரியக்கா மூன்றாவது மூலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசி மூலையில் நின்ற எங்கள் ஆளுக்குப் பந்தை எறிந்திருக்க வேண்டும். நான் எறியவில்லை. பந்தைக் கையில் வைத்தபடி நேரே அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, உதை எப்பிடி அடிச்சனீங்கள்?"

"முதல் ரெண்டிலையும் கொஞ்சம் முந்தீட்டன். மூண்டாவதிலை பொறுத்தன்," என்று மூச்சு வாங்கச் சொன்னபடி அவர் நொண்டி நொண்டி நடக்கத் தொடங்கினார். நானும் கூடவே நடந்தேன். வலது கையில் பந்து. இடது கையால், பாவம் முழங்கால் நோகுதே என்று, அவருடைய முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தேன்.

வலது கையிலிருந்த பந்தால் தொட்டிருந்தால் அவர் அவுட்.

"அங்கிள், டச் ஹர்! ப்ளீஸ், அங்கிள், ஜஸ்ட் டச் ஹர்!" என்று ஆரணி அழாக்குறையாகக் கத்தினாள். எனக்கு விளங்கவேயில்லை. அந்தக் கை எந்தப் பக்கம் திரும்பியது, இடுப்பு எப்போது சுழன்றது என்று கேட்டுக்கொண்டே போய், அக்காவைக் கடைசி மூலையில் பத்திரமாகச் சேர்த்தேன். அவர் காலை வைத்தார். வெக்ஸ்போர்ட் துள்ளிக் குதித்தது. அதன் பிறகும் பந்தை அவர் கையில் வைத்து, "இது உங்களுக்குத்தான் அக்கா," என்றேன்.

அடுத்த வருடம் அவரைத் திருப்பிக் கேட்டேன். "இப்ப என்ரை விலை நாலு பேர்," என்றார்.

எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருபவர்களை வாசல்வரை கொண்டுபோய் விடுகிற பழக்கம் எனக்கு உண்டு. இப்போது நான் செருப்பைக் கொழுவ முன்னமே விஜி உள்ளேயிருந்து அவர்களுக்குக் குரல் கொடுப்பாள்: "பயப்பிடாமல் போங்கோ. கையிலை பந்து இருந்தாலும் உவர் தொடமாட்டார்."