பெரியப்பா கையெழுத்துப் போட்ட நோட்டு

மரியாதைக்குரிய பெரியப்பாவுக்கு,

மாடி வீட்டிலிருந்து உங்கள் தம்பி மகள் பணிவுடன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். நீங்கள் சுகமாக இருப்பது நேற்று மாலை கதவைத் தட்டிய தட்டிலேயே தெரிந்தது. பதினாறு படி இறங்கி வந்து நேரில் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் உங்கள் முன்னால் நின்றால் "ஆமாம் பெரியப்பா" தவிர எனக்கு வேறு வார்த்தை வராது. இந்த விஷயத்துக்கு அது போதாது.

எங்கள் இசைக்குழுவில் நாலு பேர், நாலு திசை. கிட்டார் வாசிப்பவர் செல்போன் ரிப்பேர் செய்பவர். அவருக்கு உலகம் சுற்ற வேண்டும், அதனால் தானே போட்ட பாட்டைத்தான் வாசிப்பார், அது பதினோரு நிமிடம், அதில் நாலு நிமிடம் வெறும் மழைச் சத்தம். பாடுகிற அக்கா பல் டாக்டரிடம் உதவியாளர்; நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிச் சொல்லி, மாலையில் தான் வாய் திறந்தால் கேட்பவர்கள் கண் கலங்க வேண்டும் என்பது அவர் ஆசை. டிரம்ஸ் அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத் தருபவர். அவருக்கு லட்சியமே கிடையாது, பகலெல்லாம் பக்கத்து சீட்டில் பிரேக்கை மிதித்துவிட்டு வருபவர், எதையாவது ஒரு மணி நேரம் அடித்தால்தான் வீட்டில் மனுஷனாக நடமாட முடியும் என்கிறார். நான் கீபோர்டு. ஒத்திகை எங்கள் மாடியில் என்பதால் கதவு திறப்பதும், வந்தவர் பெயரை நோட்டில் எழுதுவதும் நானே. வருகிற ஞாயிறு நூலக ஆண்டு விழாவில் எங்களுக்கு ஒரே ஒரு பாட்டுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பாட்டு என்று ஒரு மாதமாகச் சண்டை. என் பாட்டு இல்லையென்றால் நான் இல்லை என்று கிட்டார்காரர் முறுக்கிக்கொள்ள, "மழைச் சத்தத்துக்கு நான் எதுக்கு, குடை போதுமே" என்று அக்கா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று வங்கிப் படிவம் முதல் கல்யாணப் பத்திரிகை வரை எழுதுகிற வேலையெல்லாம் என் தலையில் விழுவதுபோல இந்தப் பஞ்சாயத்தும் விழுந்தது. நானும் ஆபீஸ் புத்தியில் ஒரு விதி எழுதினேன்: ஒத்திகைக்கு அதிக நாள் வந்தவர் யாரோ, அவர் சொல்வதே பாட்டு. மூன்று பேரும் ஒப்புக்கொண்டார்கள். நேற்று எண்ணினோம். இருபத்தாறு நாளில் கிட்டார் ஒன்பது, அக்கா பதினொன்று, டிரம்ஸ் அண்ணன் பதினேழு. இருபத்துநான்கு நாள் நீங்கள்.

மன்னித்துக்கொள்ளுங்கள் பெரியப்பா. முதல் நாள் சத்தம் தாங்காமல் நீங்கள் மேலே வந்து நின்றபோது, என்ன சொல்வதென்று தெரியாமல் கையிலிருந்த நோட்டையும் பேனாவையும் நீட்டிவிட்டேன். நீங்கள் புகார் நோட்டு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டீர்கள். மறுநாள் நீங்களே "எங்க அந்த நோட்டு?" என்று கேட்டீர்கள். அது வருகைப் பதிவு என்று சொல்ல அன்னைக்கும் தைரியம் வரலை, அதுக்கப்புறம் சொன்னா இன்னும் மோசமாயிடும்னு விட்டுட்டேன். 'குறிப்பு' என்ற இடத்தில் முதல் வாரம் "சத்தம்" என்று எழுதினீர்கள். அடுத்த வாரம் "நேற்றைய சத்தமே தேவலை". போன வாரம் "பாடுகிற பெண் இன்று வரவில்லையா?" காய்ச்சலாகக் கிடந்த இரண்டு நாள் மட்டும் கீழேயிருந்தே இருமிக் கண்டித்தீர்கள், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

கிட்டார்காரர் இது செல்லாது என்றார். "ரூல்னா ரூல்தான், சிக்னல்ல ஆள் பார்த்தா விளக்கு எரியுது?" என்று டிரம்ஸ் அண்ணன் அடக்கிவிட்டார். நீங்கள் எந்தப் பாட்டும் வேண்டாம் என்றால் குழுவைக் கலைத்துவிடலாம் என்று மூவரும் முதல் தடவையாக ஒரே குரலில் சொன்னார்கள். கலைஞ்சா அவங்க வேற இடம் பார்த்துப்பாங்க, எனக்குத்தான் போக்கிடம் இல்லை. பட்டமளிப்பு விழாவுக்கு என்று நீங்கள் புதுச் சட்டை தைத்து வைத்திருந்தீர்கள். நான் மேடை ஏறப் பயந்து பட்டத்தைத் தபாலில் வரவழைத்துக்கொண்டேன். நீங்கள் சட்டையைப் பிரிக்காமல் உள்ளே வைத்துவிட்டீர்கள். கீபோர்டுக்குப் பின்னால நின்னா பாதி ஆள் மறைஞ்சிடும் பெரியப்பா, அவ்வளவு மறைவு இருந்தா நான் ஏறிடுவேன். அதனால எதுவானாலும் சரி, ஒரு பாட்டு சொல்லுங்க.

பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்கள் காதுகள் நெடுங்காலம் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்பும்,
மாடி வீட்டுப் பெண்

பின்குறிப்பு: கடிதத்தையும் நோட்டையும் பெரியம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டு, நோட்டைப் புரட்டி, "உன் பேரு எங்கடி?" என்றார். எழுதுகிறவள் தன் பேரையே எப்படி எழுதிக்கொள்வது என்றேன். "தினமும் கதவைத் திறந்தது யாரு, நானா?" என்று கேட்டுவிட்டுக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். இருபத்தாறு நாளும் நான்தான். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். பாட்டை நானே முடிவு செய்துவிட்டேன். அக்கா பாடுவார். கிட்டார்காரரின் மழை முதலில் அரை நிமிடம் பெய்யும். அதற்கு மேல் பெய்தால் டிரம்ஸ் அண்ணன் பிரேக் போடுவார். நீங்கள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நூலகத்தில் முதல் வரிசையில் இருக்க வேண்டும், அந்தச் சட்டையில். புகார் எதுவானாலும் பாட்டு முடிந்த பிறகு. நோட்டு கொண்டுவருகிறேன்.