ஆர்டிஸ் கடை ஈக்கு வாய் இல்லை

சிகாகோவுக்கு வடக்க இருக்கிற வின்னபாகோ ஏரியில மே மாசம் பொறந்தா ஈ கெளம்பும். கொஞ்சநஞ்சம் இல்ல. மரத்துக்கு மேல பொகை மாதிரி நிக்கும், நிறுத்தி வச்ச காரை மூடிரும், பேச வாயத் தொறந்தா நாலு உள்ள போயிரும். ஆனா கடிக்காது. இது அந்தக் கரையில கைக்கொழந்தைக்கும் தெரியும். தெரியாத ஒரே எடம் ஜில்லா சுகாதார ஆபீசு.

சிகாகோக்காரர் ஒருத்தர், ஆர்டிஸ் கடையில மீன் வறுவல் தின்னுக்கிட்டே, ஈ தன்னைக் கடிக்கிற மாதிரி பாத்துச்சுன்னு புகார் குடுத்துட்டாரு. மறுநாளே ஆபீசர் வெண்டல் முற்றத்துல பலகை நட்டான்: "கடிக்கும் பூச்சிப் பகுதி. வெளியில் உணவு பரிமாறுதல் தடை செய்யப்படுகிறது."

கடைக்காரி ஆர்டிஸ் ஓடி வந்து பலகையப் படிச்சா. கடைக்குள்ள இருக்கிறதே எட்டு ஸ்டூலு, அதுல ஒண்ணு நொண்டி. வெள்ளிக்கெழம வெளிய போடுற மேசையிலதான் பொழப்பே ஓடுது. கோடை போச்சுன்னா கடை போச்சு.

வெண்டல் அவகூடப் படிச்சவன். ஆபீஸ் நேரத்துல "மேடம்"பான். அஞ்சு மணிக்கு மேல பீர் குடிக்க வந்தா "ஆர்டிஸ்"பான்.

"டேய் வெண்டல், இது கடிக்குமா? சின்ன வயசுல சைக்கிள்ல போறப்ப எத்தனைய முழுங்கியிருப்ப நீ!"

"மேடம், நான் அதைக் கடிச்சது வேற விஷயம். அது என்னைக் கடிக்காதுங்கறதுக்கு ஆதாரம் வேணும்."

"அதுக்குத் திங்கவே வாய் கெடயாதுடா!"

"எந்த ஈக்கு? மொதல்ல என்ன எனம்னு சொல்லுங்க. பறக்கறத மட்டும் பாத்துச் சொல்ல முடியாது. புழுவா இருந்தது, கூட்டுப்புழுவா ஆனது, ஈயாப் பறந்தது, மூணும் ஒரே ஆளுதான்னு ஆபீசர் முன்னிலையில காட்டணும்."

ஆர்டிஸ் ஏரிச் சேத்தை அள்ளி, செவப்பா நெளிஞ்ச புழு ஒண்ண ஏரித் தண்ணியோட ஊறுகாய் ஜாடியில போட்டு, பார் மேசை மேல வச்சா. வச்ச கையோட, மீன்வள ஆபீஸ்ல வேலை பாக்குற பொண்ணு டோரீன் வந்து நின்னுச்சு.

"செவப்புப் புழு ஸ்டர்ஜன் மீனோட உணவு. அடைச்சு வைக்கக் கூடாது, ஏரியில விடுங்க."

"விட்டா மீன் தின்னுருமே?"

"தின்னப்படுறது அதோட உரிமை மேடம். அதுல தலையிட நீங்க யாரு?"

ரொம்ப நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தாங்க. புழுவுக்கு எந்தக் கொறையும் தெரியக் கூடாதுங்கிற உயரிய நோக்கத்துல, ஜாடியில ஒரு ஸ்டர்ஜன் படத்த ஒட்டணும். வாயத் தொறந்த மாதிரி படம். ஆர்டிஸ் ஒட்டினா.

புழு கூட்டுப்புழுவாச்சு. டோரீன் வந்து பாத்துட்டு, "இனி இது எங்க ஆளு இல்ல"ன்னு படத்தைப் பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. அடுத்து வெண்டல் வந்து, ஜாடிய மொறைச்சுக்கிட்டு நொண்டி ஸ்டூல்ல உக்காந்தான். நாள் பூரா அது அசையல. அஞ்சு மணி அடிச்சுது. பேனாவ மூடினான். அந்தக் கணம் பாத்துத் தோல் வெடிச்சு ஈ வெளிய வந்து தண்ணி மேல நின்னுச்சு.

"பாருடா, பாருடா!"

"பாக்கறேன் ஆர்டிஸ். ஆனா வெண்டலாப் பாக்கறேன். ஆபீசர் பாக்கல. ஒரு பீர் குடு."

மறுநாள் ஆர்டிஸ் பார் மேசை முழுக்க ஜாடியா அடுக்கிட்டா. குடிக்க வந்தவங்க கிளாஸ மடியில வச்சுக் குடிச்சாங்க. அவசரத்துல ராலிங்கிற வாடிக்கைக்காரன் ஒரு ஜாடியவே குடிச்சுட்டான். மிச்சம் இருந்ததுல நல்ல புத்தியுள்ள ஒரு கூட்டுப்புழு ஒரு நாள் பகல்லயே வெடிச்சுது. வெண்டல் பாத்தான், ஆபீசராவே பாத்தான். ஈயக் கையில ஏத்தி வச்சு உக்காந்தான். சான்று எழுதினான்: "தக்க அவகாசம் அளித்தும் கடிக்க முன்வரவில்லை. ஆகவே மேற்படி வளாகத்திலுள்ள பூச்சிகள் கடிக்கா. எவரேனும் சொறிவது கண்டறியப்பட்டால் சான்று ரத்தாகும்."

பலகையப் பிடுங்கிட்டாங்க. ஆனா அதுக்குள்ள ஜூன் வந்துருச்சு. ஈயெல்லாம் செத்து, ஆர்டிஸ் மண்வெட்டியில அள்ளிக் கொட்டியாச்சு. வெள்ளிக்கெழம சாயங்காலம் முற்றம் நெறஞ்ச கூட்டம், தட்டு நெறைய மீனு. கூடவே கொசுவும் வந்துச்சு. அது எந்த ஆபீசுக்கும் போகாத கொசு.

ராலி தன் முழங்கையில பளார்னு ஒரு அடி வச்சான். மேசை ஓரத்துல வெண்டல் தலையத் தூக்கினான். அன்னிக்கு ஓவர்டைம்.

"என்ன அது மேடம்?"

ஆர்டிஸ் யோசிக்கவே இல்ல. "கை தட்டறான் சார். மீன் அவ்ளோ நல்லாருக்காம்."

கூட்டம் புரிஞ்சுக்கிச்சு. கழுத்துல தட்டினாங்க, கன்னத்துல தட்டினாங்க, பக்கத்து வீட்டுக்காரி முதுகுல தட்டினாங்க. ஏரிக்கரையே அதிர்ந்துச்சு. கொஞ்ச நேரம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்த வெண்டலும், நெத்தியில ஒண்ணு போட்டுட்டு, "மீன் பிரமாதம் மேடம்"னான்.

சிகாகோக்காரரும் அன்னிக்கு வந்திருந்தாரு. ஊருக்குப் போயி, ஏரிக்கரை மீனக் கைதட்டித்தான் சாப்பிடணுமாம்னு சொல்லிட்டாரு. இப்ப ஏரியச் சுத்தி எல்லாக் கடையிலயும் அதான் நாகரிகம். கொசுவே இல்லாத ஏசி ஹோட்டல்ல கூட, மீன் வந்ததும் பெரிய மனுஷங்க தங்க கன்னத்துல தாங்களே ரெண்டு போட்டுக்கறாங்க.