பூந்தியின் ஒழுக்கும் லீக்கு அண்ணனும்

உலகத்தில் யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் அதற்கு ஒரே காரணம்தான், எங்கேயோ ஒழுகுகிறது என்று அடித்துச் சொன்னவர் எங்கள் மண்டபத்து லீக்கு அண்ணன். சாமி மேல்கூட அவருக்கு அத்தனை நம்பிக்கை கிடையாது.

விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். எதிர்வீடு. அவருடைய சொந்தப் பேர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். கல்யாண வீட்டில் பொண்ணு அழுதால், "வாசர் போயிருச்சு" என்பார். கடைக்காரர் இருமினால் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்பார். "அடியில ஏதோ லூசு" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார்.

நான் எட்டாங்கிளாஸோடு படிப்பை நிறுத்தினவள். ஆனால் கவலைப்படுவதற்கு ஒரு பட்டம் இருந்தால் முதல் ஆளாய் வாங்கியிருப்பேன். கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் உச்சிப்புளியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்தவள். வீட்டுக்காரர் கத்தாரில். மகள் நர்ஸிங் படிக்க மதுரைக்குப் போகும்போது, என் நிலைமை தெரிந்தும், ஒரு பொமரேனியன் குட்டியை மடியில் வைத்துவிட்டுப் போனாள். பேர் பூந்தி. தினமும் சாயந்திரம் போனில் முகம் காட்டணும். என் முகம் இல்லை, பூந்தி முகம்.

பூந்தி கட்டிலுக்கு அடியில் ஒண்ணுக்குப் போகும், கதவுக்குப் பின்னால் போகும். அதெல்லாம் நான் துடைத்துவிடுவேன். படிக்கட்டில் போனால்தான் வம்பு. நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரம்மா பீவிம்மா. படி இறங்குவது அவர்கள் முன்வாசலில். நாய் மூத்திரம் மேலே பட்டால் அதோடு தொழ முடியாது. கழுவி, சேலை மாற்றி, தொழுகைக்கு மறுபடி கை, முகம், கால் கழுவி ஒளு எடுக்கணும். பீவிம்மா ஒரு வார்த்தை வைய மாட்டார். பேசாமல் வாளியை எடுத்துக் கழுவுவார். அந்த வாளிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் கதவைச் சாத்திக்கொள்வேன். வைதிருந்தால்கூட நிம்மதியாய் இருந்திருக்கும்.

லீக்கு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"நாய்னா எனக்கு ஆகாது தங்கச்சி. கேஸு என்னன்னு மட்டும் பாத்துட்டுப் போறேன்."

பூந்தியைத் தூக்கி வயிற்றில் காதை வைத்தார். அது அவர் காதை நக்கியது.

"ஏய், சும்மா இரு. சவுண்டக் கேக்க விடு." கேட்டார். "டேங்கு சின்னது. வள்ளத்து டேங்கு. நீ லாஞ்சுக்கு ஊத்துற மாதிரி ஊத்துற. தின்னாலும், குடிச்சாலும், தூங்கி எந்திரிச்சாலும் உடனே தூக்கிட்டுப் போ. அது உன்கிட்ட சொல்லாது, நீதான் பாக்கணும்."

"எங்கண்ணே தூக்கிட்டுப் போறது?"

மறுநாள் ஒரு பிளாஸ்டிக் மீன்பெட்டி நிறையக் கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு வந்து மாடி மூலையில் வைத்தார். பூந்தியை அதில் இறக்கிவிட்டு இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அது காரியத்தை முடித்ததும், எஞ்சின் ஸ்டார்ட் ஆன மாதிரி, "ஓடுச்சுல்ல!" என்று கத்திக் கைதட்டுவார். நானும் தட்டுவேன். கீழேயிருந்து பீவிம்மா கேட்பார், "அங்கன என்ன, கிரிக்கெட்டா?"

கொஞ்ச நாளில் பூந்தி தானாகவே பெட்டிக்கு ஓடியது. வாளிச் சத்தம் நின்றது. லீக்கு அண்ணன் கப்பலுக்கே எஞ்சின் மாற்றினவர் மாதிரி தெருவில் நடந்தார். எனக்கு மட்டும் உள்ளூரப் பயம். நல்லது நடந்தால் எனக்கு எப்போதும் பயம்தான்.

ஆடி பிறந்து கச்சான் காற்று கிளம்பியது. பூந்தி மறுபடி ஆரம்பித்தது. முன்னைவிட மோசம். ஜன்னலடி, பீரோ ஓரம், படிக்கட்டில் படிக்குப் படி. நாய்க்குச் சர்க்கரை வியாதி வருமா என்று போனில் தேடினேன். வரும் என்று போட்டிருந்தது. அதற்குமேல் நான் படிக்கவில்லை.

வாளியோடு பீவிம்மா மேலே பார்த்தார். "வெள்ளிக்கிழமை நம்ம வீட்ல பாத்திஹா ஓதுறோம் புள்ள. மொட்டை மாடியிலதான் சாப்பாடு. சனமெல்லாம் இந்தப் படியிலதான் ஏறணும். அன்னிக்குப் படி நனைஞ்சிருந்துச்சுன்னா, நான் சொல்லமாட்டேன், நீயே நாய ஊருக்கு அனுப்பிச்சிரு."

ஊர் என்றால் அபிராமத்தில் என் அண்ணன் வீடு. அங்கே கன்றுக்குட்டி உயரத்தில் இரண்டு நாட்டு நாய்கள். இதை நிஜப் பூந்தி என்றே நினைத்துவிடும். மகளுக்கு என்ன பதில் சொல்வேன்?

லீக்கு அண்ணனுக்கு மானப் பிரச்சினை. "நான் கை வச்ச எஞ்சின் திரும்ப ஒழுகினதா சரித்திரமே இல்ல" என்று முட்டி போட்டுத் தவழ்ந்தார். பூந்தி நனைத்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். என் வீடு கோலப்போட்டி நடந்த தெரு மாதிரி ஆனது. கடைசி வட்டத்தில் விரலை வைத்துத் தேய்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி, மணலு."

"என்னண்ணே?"

"மணல்லதான் போகணும்னு நாமதான சொல்லிக் குடுத்தோம்? இப்ப காத்து மணல வீட்டுக்குள்ள கொண்டாந்து கொட்டுது. அது பாவம், நாம சொன்னபடி கேட்டிருக்கு. கேணப்பய நான்தேன்."

இந்த ஊரில், இந்தக் காற்றில், மணல்தான் கக்கூஸ் என்று ஒரு நாய்க்குப் பாடம் எடுத்திருக்கிறோம்! பெட்டியிலிருந்த மணலை வெளியே கொட்டிவிட்டுச் சாக்கை விரித்தோம். ஆனால் படித்ததை அது மறந்து புதிதாய்ப் படிக்க நாளாகுமே. வெள்ளிக்கிழமையோ விடிந்தால்.

விடிந்தது. பயந்துகொண்டே கதவைத் திறந்தேன். லீக்கு அண்ணன் வெள்ளைச் சட்டையில் படியில் குத்தவைத்திருந்தார். ஒரு கையில் விளக்கமாறு. கதவு திறந்ததும் வெளியே ஓடிய பூந்தியை இன்னொரு கையில் தூக்கிக்கொண்டார். மேலிருந்து கீழே கூட்டி முடிப்பார். காற்று சிரித்துக்கொண்டே மேல்படியில் மணலைப் போடும். "வாரேன்டி வாரேன்" என்று மறுபடி ஏறுவார். விருந்தாளிகள் வந்து, ஏறி, பிரியாணி தின்று, இறங்குகிற வரைக்கும் கூட்டினார். "யாரு இது, விடாம கூட்டுறாரு?" என்று ஒருத்தர் கேட்க, "படியில ஏதோ லீக்காம்" என்றார் பீவிம்மா.

படி காய்ந்தே கிடந்தது. கூட்டம் போனபிறகு பீவிம்மா கிட்டே வந்தார். லீக்கு அண்ணன் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"ஒளுவோட இருப்பீக லாத்தா, கிட்ட வராதீக."

"ஏன், சட்டை வயித்துல எல்லாம் நனைஞ்சிருக்கு?"

"வேர்வை."

"இந்தக் காத்துலயா?"

லீக்கு அண்ணன் பூந்தியைப் பார்த்தார். பூந்தி வேறு எங்கேயோ பார்த்தது.

"அதுக்கு ஒண்ணுமில்ல லாத்தா. எனக்குத்தான் லீக்கு."

பீவிம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "போய்க் குளிச்சிட்டு வாங்க. உங்களுக்குச் சோறு எடுத்து வச்சிருக்கேன். அதுக்கும் ரெண்டு கறித்துண்டு வச்சிருக்கேன்."

பூந்தி இப்போது சாக்கைத் தவிர வேறு இடம் தேடுவதில்லை. லீக்கு அண்ணன் நாகப்பட்டினம் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். நாய் ஆகாத அந்த மனிதர் அடிக்கடி போன் பண்ணுவார். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா எதுவும் கிடையாது.

"படியில மணல் இருக்கா?"

இல்லை என்றால், "அப்பச் சரி" என்று உடனே வைத்துவிடுவார். அதனால் கச்சான் அடித்தாலும் அடிக்காவிட்டாலும், பளபளவென்று கூட்டிக் கிடக்கிற படியில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்வேன், "கொஞ்சம் இருக்குண்ணே."