மருந்து லாரியை நான் மறித்த கதை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி மறந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆள் நான். என்னைப் போய் நடிக்கக் கூப்பிட்டார்கள்!

வெள்ளக்கடையில் நான் காப்பி பறித்த எஸ்டேட் பங்களாவில் ஒரு பயிற்சி நடந்தது. சண்டை ஓய்ந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகிற பட்டாளத்துக்காரர்களும் ஆபீஸ்காரர்களும், அங்குள்ள சனங்களோடு பேசிச் சம்மதம் வாங்கக் கற்றுக்கொள்ள வந்திருந்தார்கள்.

எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் என்னிடம் சொன்னார்: "ஏனுங்கக்கா, நீங்க சண்டையில மகனைப் பறிகொடுத்த அம்மாவா நடிக்கோணுமுங்க. மருந்து லாரியில துப்பாக்கிக்காரங்களும் வருவாங்க. பங்களா கேட்டைத் தொறக்கக் கூடாதுங்க."

"பேசோணுமுங்களா?"

"முடியாதுன்னு சொன்னாப் போதுமுங்க."

(பிறந்ததிலிருந்து நான் யாரிடமும் சொல்லாத வார்த்தை!)

லாரியிலிருந்து இறங்கியவள் சேலத்துப் பெண் மலர், ஆபீஸ்காரி. இந்தச் சோதனையில் தேறினால்தான் அவளை வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். கேட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். வாசலுக்கு வந்தவர்களை "வாங்க" என்று கேட்காமல் நிற்பது எங்கள் பக்கம் பெரிய அவமரியாதை. வாய் தானாகத் திறந்தது.

"வாங்க சாமி, வாங்க! தண்ணி குடிக்கறீங்களா?"

கை தானாகக் கேட்டைத் திறந்தது. லாரி உள்ளே போய்விட்டது!

பயிற்சி நடத்திய கர்னல் தலையில் கை வைத்தார். "அந்தப் பொண்ணு பேசவே இல்லையேம்மா, எதுக்கு மார்க் போடறது? இன்னொரு தடவை. இதுதான் கடைசி."

மலரின் கண் கலங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது.

முகத்தைப் பார்த்தால் வாய் மறுபடி "வாங்க" என்றுவிடும் என்று, மறுமுறை அவளுக்கு முதுகைக் காட்டி நின்றேன். கால் மணி நேரம் என் முதுகோடு பேசினாள். "முடியாதுங்க" என்றேன். மறுபடியும் "முடியாதுங்க!" (சொல்லச் சொல்ல என்ன ருசி!)

கடைசியில் கேட்டாள்: "எங்க மேல அவ்ளோ கோவமுங்களாம்மா? என்ன பண்ணுனா ஆறும்?"

சொல்லிக்கொடுத்தது எல்லாம் மறந்துபோய்க் கத்தினேன்: "மருந்து வரட்டும். துப்பாக்கி வரக் கூடாது. எல்லாரும் எறங்கி வெறுங்கையோட நடந்து வரட்டும்!"

"சரிங்கம்மா. இனி எந்தத் துப்பாக்கியும் உள்ள வராது, வாக்குக் குடுக்கறேன். நீங்களே கேட்டுல நின்னு பாத்துக்கோங்க."

திறந்தேன். சோதனை முடிந்ததென்று கர்னல் விசில் ஊதினார். மலர் தேறிவிட்டாள்! ஒரே கைதட்டல்.

அதோடு நான் ஊட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கேட்டில் நிற்கச் சொன்னாளே! சாப்பாட்டு நேரத்துக்குக் கர்னல் ஜீப்பில் வந்தார், பின்சீட்டில் பயிற்சித் துப்பாக்கிகள். நடுவில் போய் நின்றேன்.

"எறங்குங்க."

"பயிற்சி முடிஞ்சுபோச்சும்மா."

"வாக்கு முடியலீங்களே."

"இது மரத்துப்பாக்கிம்மா!"

"அப்ப எறக்கி வெக்கறது சுலுவுதானுங்க."

மலரே ஓடி வந்து கெஞ்சினாள். கற்ற வித்தை ஒன்றும் என்னிடம் பலிக்கவில்லை. கடைசியில் கர்னல் துப்பாக்கிகளைக் கேட்டோரம் அடுக்கிவிட்டு, தூறலில் நனைந்தபடி நடந்தே போனார். பின்னாலேயே மொத்தப் பட்டாளமும்!

அன்றிலிருந்து எங்கள் மருமகன் பைக்கை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டுதான் வருகிறார். "வெறுங்கைதானுங்க அத்தை!" (பழம் வாங்காமல் வருவதற்கு நல்ல சாக்கு.)

துப்பாக்கி நாலா ஐந்தா, நின்றது ஜீப்பா வேனா என்று இப்போது குழப்புகிறது. மலர் எந்த ஊர்க் கேட்டின் முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறாளோ! யாராவது அவளிடம் இதைக் காட்டி, தப்பு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.