கிடா குடிக்க வேண்டிய ஆளிவிதை

அன்புள்ள தம்பி எந்தாலேவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய், உன் மனைவி எப்படி, பிள்ளைகள் எப்படி, அடிஸ் அபாபாவில் உன் ஆராய்ச்சி நிலையத்து மாடுகள் எப்படி? கடவுள் புண்ணியத்தில் நாங்கள் சுகம். உன்னைப் பார்க்காத குறையையும் கொல்லையில் நிற்கும் கிடாவையும் தவிர வேறு குறை இல்லை.

எங்கள் ஊரில் முப்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே பொலிகிடா என்பது உனக்குத் தெரியும். இந்த முறை அது தங்க வேண்டிய வீடு எங்களுடையது. மேஜர் என்று பெயர். பெயருக்கேற்ற நடையும் கொம்பும் உண்டு, வேலைதான் இல்லை. சேர்ந்த ஆடுகள் எல்லாம் பதினேழாம் நாள் மறுபடி பருவத்துக்கு வந்து கத்துகின்றன. கிடாச் சங்கத் தலைவர் பெலாச்சு ஈஸ்டர் நோன்பு தொடங்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "டீச்சரம்மா, ஈஸ்டருக்குள்ள ஒரு ஆடாவது சினை பிடிக்கணும். இல்லன்னா ஈஸ்டர் அன்னைக்கு மேஜர் குழம்புதான்." அப்போதுதான் பயந்துபோய் உன்னைப் போனில் அழைத்தேன். பன்மை நிறைவுறாக் கொழுப்பு அமிலம் என்றாய். விந்தணுவின் தோலே அந்தக் கொழுப்பால் ஆனது, நம் மலைக் குளிரிலும் அது விறைக்காமல் வளைய வேண்டும், பிறகு கருவில் வளரும் குட்டியின் மூளைக்கும் கண்ணுக்கும் அதே கொழுப்புதான், உடம்பு தானாகச் செய்யாது, தீனியில்தான் வர வேண்டும் என்றாய். "அக்கா, ஆளிவிதை குடு. ஆனா இன்னைக்குக் குடுத்தா நாளைக்குப் பலிக்காது. விந்து உருவாகவே ஏழு வாரம் ஆகும்" என்றாய். நோன்பும் ஏறக்குறைய அவ்வளவுதானே என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

அங்கேதான் தவறு. ஆளிவிதையை வறுத்துப் பொடித்துக் கரைத்துத்தானே நோன்புக்கு ஊரே குடிக்கிறது! கிடாவுக்கும் அப்படியே செய்தேன். பள்ளிக்கூடம் போகும் முன் தினமும் இரண்டு குடுவை: ஒன்று உன் அத்தானுக்கு, ஒன்று அவர் கொல்லையில் மேஜருக்கு ஊட்ட. மேஜர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று அவர் சொன்னதால் அவன் குடுவையில் மட்டும் தேன் விட்டேன். வறுக்கும் வாசனை தெருமுனை வரை போனது. பக்கத்து வீட்டு ஷித்தாயே காப்பிக்கு வந்து உட்கார்ந்து, "ஏன் அக்கா, நாங்க வெறும் தண்ணியில கரைச்சுக் குடிக்கிறோம், உங்க கிடாவுக்குத் தேன் கேக்குதா?" என்றாள். பாதிரியார் ஒருநாள் வாசலில் நின்று, "இறைச்சி இல்ல, பால் இல்ல, முட்டை இல்ல. இந்த வீட்டுல சுத்தமா நோன்பு இருக்கறது மேஜர் ஒருத்தன்தான்மா" என்று ஆசீர்வதித்துவிட்டுப் போனார். மூன்றாம் சுற்றுக் காப்பி முடிந்ததும் ஒவ்வொருவராகக் கொல்லைக்குப் போய் ஆடுகளின் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள், பிறகு மேஜரைப் பார்ப்பார்கள், "இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்பார்கள்.

தம்பி, இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாக இதே காப்பிக்கு, இதே நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறேன். நாற்பத்து மூன்று வயதில் இப்போதுதான் விட்டிருக்கிறார்கள். அதுவும் கிடா கிடைத்ததால். அவனை வெட்டினால் அது வெறும் இறைச்சி என்று என்னால் நினைக்க முடியவில்லை. இன்னும் எட்டு நாள்தான். பெலாச்சு கத்தியைத் தீட்டக் கொடுத்துவிட்டார். அதிசயம், மேஜரின் உரோமம் பழைய துடைப்பம் மாதிரியே இருக்கிறது. உன் அத்தான் முகம்தான் பளபளக்கிறது. உன் அறிவியலில் எங்கே ஓட்டை என்று தெரியவில்லை. ஒருநாள் விடுப்புப் போட்டு வந்து பெலாச்சுவிடம் நாலு பெரிய வார்த்தை சொல்லிவிட்டுப் போ. எனக்கு வாதாடும் தெம்பு போய்விட்டது.

உன் வீட்டு நோன்பு நல்லபடி நிறையட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தம். உன் மனைவியிடம் நான் கேட்டதாகச் சொல்.

களைத்துப்போன உன் அக்கா,
வொய்னிட்டு

பி.கு.: நீ வர வேண்டாம். உறையை ஒட்டப் போகையில் உன் அத்தான் வந்து நின்றார். "ஏம்மா, கோபப்படாத. தேன் விட்டது நல்லா இருந்துச்சு" என்றார். ஏழு வாரமும் இரண்டு குடுவையையும் அவரே குடித்திருக்கிறார். மேஜருக்குக் கிடைத்தது பார்லி உமி! உன் அத்தானைத் தரதரவென்று இழுத்துப் போய் பெலாச்சு முன் நிறுத்தினேன். மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "மருந்தே குடிக்காதவனை எப்படிக் குத்தம் சொல்றது? ஈஸ்டர்லேருந்து மறுபடி ஏழு வாரம் எண்ணுங்க டீச்சரம்மா" என்றார். எண்ணிப் பார்த்தேன். ஈஸ்டரிலிருந்து ஏழு வாரம் முடிந்த மறுநாள் அப்போஸ்தலர் நோன்பு தொடங்குகிறது. அதிலும் இறைச்சி கூடாது, ஊரில் ஒருவரும் கத்தி எடுக்க முடியாது. இதை நான் பெலாச்சுவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

விஷயம் அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. இன்று காப்பிக்கு வந்த ஷித்தாயே கொல்லைப் பக்கமே போகவில்லை. என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.