தகடூர் நாக்கும் பிஸி தோசையும்

இந்த ஊரை ஒரு காலத்தில் ஆண்ட மன்னர், கிடைத்தற்கரிய நெல்லிக்கனி ஒன்றைத் தான் தின்னாமல் ஒரு புலவருக்குக் கொடுத்தார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். கொடுத்தது சரி. கொடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்தாரா? எடுக்கவில்லை. கனி புளித்ததா துவர்த்ததா, ஐந்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று ஊருக்கு ஒரு வார்த்தை சொன்னாரா? அதுவும் இல்லை. அந்தப் பெரும் பிழையைத் திருத்துவதற்கென்றே தர்மபுரி மண்ணில் அவதரித்தவர் மாதவராஜ்.

பகலில் அவர் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். மற்ற நேரமெல்லாம், ஊரின் பழைய பெயரை முன்னால் வைத்து, 'தகடூர் நாக்கு'. யூடியூபில் அந்தப் பெயரைத் தட்டினால் வருவார். நண்பர்களே, மக்களே என்று கண்டவர்கள் அழைப்பதுபோல் அவர் அழைக்க மாட்டார். "வணக்கம் அன்பு நாக்குகளே" என்றுதான் தொடங்குவார். கோப்புகளில் ஊறிய வாய் என்பதால் பரோட்டாவைப் பற்றிப் பேசினாலும் அதில் ஒரு நிர்வாக ஒழுங்கு இருக்கும். "மேற்படி பரோட்டாவின் மேற்புறம் திருப்தி அளிக்கிறது. சால்னாவின் காரம் பரிசீலனையில் உள்ளது" என்பார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து, "ஆட்சேபணை இல்லை" என்பார். கடைசியில் ஐந்துக்கு இத்தனை 'நாக்கு' என்று தீர்ப்பு வரும்.

அலுவலக நேரத்திலும் அவர் கடமை தவறியதில்லை. பட்டா மாற்றத்துக்காகச் சித்தேரி மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த சென்றாயன் என்பவரை உட்கார வைத்து, "மலைமேல நாட்டுக்கோழிக் குழம்பு பிரமாதமா இருக்குமாமே, எந்த வூட்டுலங்க?" என்று விசாரித்தார். சென்றாயன் விவரமாகச் சொன்னார். கோழி வீடியோ அந்த வாரமே வெளிவந்தது. பட்டா பரிசீலனையில் இருக்கிறது.

வெளியே சாப்பிடப் போவதை அவர் 'வெளியே சாப்பிடப் போவது' என்று கொச்சையாகச் சொல்வதில்லை. அது 'கள ஆய்வு'. சனிக்கிழமை மாலையும் ஞாயிறு முழுவதும் ஆய்வுக் குழு புறப்படும். மனைவி சசிகலா விளக்குப் பிரிவு. கை நடுங்காமல் லைட்டைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் பிரியதர்ஷினி வியப்புப் பிரிவு. பிரியாணியைக் கிளறியதும் "வாவ்" என்று ஒரு குழந்தைக் குரல் கேட்குமே, அது அவள்தான். சாப்பிடுவதற்கு முன்பே வாவ் சொல்லிவிட வேண்டும். சாப்பிட்டுவிட்டுச் சொன்னால் வாய்க்குள் இருப்பதெல்லாம் கேமராவில் தெரியும்.

தட்டு வந்துவிட்டால் யாரும் தொடக்கூடாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, குழம்பு ஊற்றுவதை மெதுவாக ஒன்று, கறியை எலும்பிலிருந்து உருவுவதைக் கிட்டத்தில் ஒன்று. இதற்குள் ஆவி நின்றுவிடும். மாதவராஜ் அதற்கும் வழி வைத்திருந்தார். தட்டுக்குப் பின்னால் தெரியாமல் ஊதுபத்தி கொளுத்தி வைத்தால் ஆவி நிற்காது. பிரியாணியில் மல்லிகை வாசம் அடிக்கிறதே என்று சசிகலா ஒருமுறை கேட்டதற்கு, "நாக்குகளுக்கு வாசம் தெரியாது சசி" என்று தெளிவுபடுத்தினார். வீட்டு இட்லிக்கும் இதே நடைமுறைதான். அதற்கு 'அடுக்களைச் சிறப்புப் பதிவு' என்று பெயர்.

இந்த வளர்ப்பின் பலன் கம்பைநல்லூரில் தெரிந்தது. அங்கே மாதவராஜின் பங்காளி வீட்டுக் கல்யாணம். பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டே வந்தார்கள். குழந்தை கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, இது கெட்டுப்போச்சு. பொகை வருது பாருங்க."

பந்தியே சிரித்தது. சசிகலா மட்டும் சிரிக்கவில்லை. மாதவராஜுக்கும் வருத்தம்தான். "அடடா, இத எடுக்காம வுட்டுட்டமே" என்று வண்டியில் திரும்பும்போது வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அவரைத் தேடி யார் வந்தாலும் வீட்டில் ஒரே பதில்தான்: "அவரு பிஸிங்க." குழந்தை பேசப் பழகிய காலத்திலேயே 'அப்பா'வும் 'பிஸி'யும் சேர்ந்த ஒரே சொல் என்று நினைத்திருந்தாள். 'பிஸி' என்ற சொல்லின் மேல் மாதவராஜுக்கும் தனிப் பிரியம் உண்டு. அதன் வரலாற்றை அவரே ஆராய்ந்து ஒரு வீடியோவில் வெளியிட்டிருந்தார்.

"அன்பு நாக்குகளே, பெங்களூருல எல்லாரும் பிஸி. தனித்தனியாச் சமைக்க நேரமில்ல. அரிசி, பருப்பு, காய் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு அவசரத்துக்குக் கெளறுனாங்க. பிஸியான ஆளுங்க சாப்பிட்டதால அதுக்குப் பேரு பிஸிபேளாபாத்."

ஓசூர்க்காரர் ஒருவர் கீழே, 'அண்ணா, கன்னடத்துல பிஸின்னா சூடு. வேற ஒண்ணுமில்ல' என்று எழுதினார். இப்படிப்பட்ட வதந்திகளை வளரவிடக் கூடாது என்பதில் மாதவராஜ் உறுதியானவர். உடனே அந்த ஆளை ப்ளாக் செய்தார். வரலாறு காப்பாற்றப்பட்டது.

இப்படி இருக்கையில் மகளின் பிறந்தநாள் நெருங்கியது. வருகிற ஞாயிறு.

"என்ன சாமி வேணும்? சொல்லு, அப்பா வாங்கித் தர்றேன்."

"தோசை."

மாதவராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. ரத்தம் பேசுகிறது என்று நினைத்தார். "என்ன தோசை? பன்னீர் தோசையா, பீட்சா தோசையா?"

"சும்மா தோசைதான். ஆனா சூடா. நீங்களும் எம்பக்கத்துல உக்காந்து சூடா சாப்பிடணும். போன் எடுக்கக் கூடாது."

"இவ்வளவுதானா?"

"சத்தியமா?"

"சத்தியமா போன் எடுக்க மாட்டேன்."

அந்த வாரம் முழுவதும் அவள் வகுப்பில் வேறு பேச்சே பேசவில்லை. "ஞாயித்துக்கெழம எங்கப்பா எங்கூட தோசை சாப்பிடப் போறாரே" என்று எல்லாரிடமும் சொன்னாள். பக்கத்தில் உட்காருகிற தேவிப்பிரியா, "அப்புறம்?" என்று கேட்டாள். அப்புறம் என்று ஒன்று இருக்கும் என்று குழந்தைக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவுதான் என்றாள்.

கொடுத்த வாக்கை மீறுகிற மனிதரல்ல மாதவராஜ். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் போனை எடுக்கவில்லை. கல்யாண வீடியோ எடுக்கும் குப்புராஜிடமிருந்து பெரிய கேமரா, மூன்று கால் ஸ்டாண்டு, பெரிய லைட்டு, சட்டையில் குத்திக்கொண்டால் தானாகவே பதிவு செய்யும் சின்ன மைக் எல்லாம் முந்தின நாளே வாங்கி வந்திருந்தார். "பாரு சாமி, போன வூட்டுலயே வெச்சுட்டேன்" என்று காலிப் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினார். குழந்தை பாக்கெட்டைப் பார்த்தாள், ஸ்டாண்டைப் பார்த்தாள். பிறகு வண்டியில் ஏறி, ஸ்டாண்டுக்குப் போக மிச்சமிருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பாலக்கோடு தாண்டி மாரண்டஹள்ளி. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ராமக்காள் கடை. வெண்ணெய் தோசைக்குப் பேர்போன கடை. தோசைக்கல்லின் முன் நிற்பவர் அவர் வீட்டுக்காரர் பச்சியப்பன். யார் வந்தாலும் போனாலும் அவர் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருப்பார். பரிமாறுவதும் பேசுவதும் ராமக்காள். அவர்கள் வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், கூட்டம் அதிகமானால் இரண்டும்.

மாதவராஜ் வாசலோரம் ஸ்டாண்டை விரித்துக்கொண்டிருந்தபோதே முதல் தோசை வந்துவிட்டது. மேலே வெண்ணெய் உருகி ஓடிக்கொண்டிருந்தது.

"பிஸி பிஸி. ஒடனே தின்னுடு கண்ணு" என்றார் ராமக்காள்.

குழந்தை திகைத்துப் போனாள். "தோசை பிஸியா? தோசைக்கு என்னங்க வேலை?"

ராமக்காள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "எங்க பாஷையில பிஸின்னா சூடு கண்ணு. கல்லுலருந்து எறங்குனதும் பிஸி. அப்படியே போட்டு வெச்சிருந்தா ஆறிப்போயிரும்."

குழந்தை தோசையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது. கையை எடுத்து ஊதிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"எங்கப்பாகூட தெனமும் பிஸிதான். அவரும் சூடா இருப்பாரா?"

பக்கத்து மேசைகளில் சிரிப்பு எழுந்தது. மாதவராஜ் திரும்பினார். "என்ன? என்ன சொன்னா?" சசிகலா சொன்னார். மாதவராஜின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு தகப்பனின் முகத்தில் வருகிற வெளிச்சம்தான் என்று சசிகலா ஒரு நொடி நம்பினார்.

"அருமை. சாமி, அத அப்படியே கேமராவப் பாத்து இன்னொரு தடவ சொல்லு."

"அப்பா, தோசை."

"அது கெடக்கட்டும், அதுல ஆவி போயிருச்சு. ஏங்க, இன்னொரு தோசை குடுங்க."

இரண்டாவது தோசை வந்தது. குழந்தை சொன்னாள். வெளிச்சம் சரியில்லை. மூன்றாவது தோசை வந்தது. சொன்னாள். ஓசூர் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. அடுத்த தோசையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ராமக்காள், தானும் படத்தில் விழுவதாகத் தெரிந்ததால், உள்ளே போய்ப் பட்டுச்சேலை மாற்றி, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தார். அந்த அவகாசத்தில் அந்தத் தோசையும் ஆறியது. ராமக்காளுக்கும் இப்போது தொழில் பிடிபட்டுவிட்டது. "நான் 'பிஸி பிஸி'ன்னு சொல்றப்ப இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லட்டுங்களா, அந்தப் பக்கம் திரும்பட்டுங்களா?" என்று கேட்டார். மேசையில் ஆறிய தோசைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வெண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது.

"எங்கப்பாகூட தெனமும் பிஸிதான். அவரும் சூடா இருப்பாரா?"

"சோகமாச் சொல்லாத சாமி. மொதல்ல சொன்ன மாதிரி ஜாலியாச் சொல்லு."

"எனக்குப் பசிக்குதுப்பா."

"இத மட்டும் முடிச்சிரலாம். அந்தப் பசியையும் கொஞ்சம் மொகத்துல காட்டு, நல்லா இருக்கும்."

"ஏங்க" என்றார் சசிகலா. "இன்னிக்கு அவ பொறந்தநாளுங்க."

"அதுக்குத்தான சசி இவ்வளவும்."

சசிகலா தூக்கிப் பிடித்திருந்த லைட்டை இறக்கி, அணைக்காமலேயே, ஆறிய தோசைகளின் பக்கத்தில் வைத்தார். "இத நீங்களே புடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே கல்லடிக்குப் போனார். பச்சியப்பன் அவர்கள் யார் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு தோசையைத் திருப்பி, இலைத் துண்டில் போட்டு நீட்டினார். தாயும் மகளும் நின்றபடியே பிய்த்து, ஊதி, வாயில் போட்டார்கள். குழந்தைக்கு நாக்கு சுட்டுவிட்டது. வாயைத் திறந்து ஹா ஹா என்று கையால் விசிறிக்கொண்டு குதித்தாள். யாரும் சொல்லாமலேயே, வாய்க்குள் இருப்பதெல்லாம் தெரிய, "வாவ்" என்றாள்.

மாதவராஜ் இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை. அடுப்பு வெளிச்சம் முகத்தில் நன்றாக விழுகிறது என்று கவனித்தார். கேமராவை அந்தப் பக்கம் திருப்பி, கிட்டத்தில் இழுத்து எடுத்தார். பிறகு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, எடுத்ததையெல்லாம் சின்னத் திரையில் ஓட்டிப் பார்த்தார். அதில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு அழகாகச் சிரிக்கிறாள் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இன்னும் நன்றாகத் தெரிவதற்காகத் திரையில் வெளிச்சத்தைக் கூட்டினார்.

குழந்தை ஓடி வந்தாள். இரண்டு கைகளிலும் இலைத் துண்டை ஏந்தியிருந்தாள். அதில் ஒரு விள்ளல் தோசை. ஊதுபத்தி ஏதும் இல்லாமலேயே ஆவி பறந்தது.

"அப்பா, ஆ காட்டுங்க. பிஸி போறதுக்குள்ள."

"ஒரு நிமிஷம் சாமி" என்றார் மாதவராஜ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்பா பிஸி."

குழந்தை நின்றாள். கையிலிருந்த விள்ளலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஆவி மெல்லக் குறைந்து நின்றுபோனது. இலையைப் பெஞ்சில் அவர் பக்கத்தில் வைத்தாள். பிறகு, தோசையைத் தொட்டுப் பார்த்தது போலவே, உள்ளங்கையை அவர் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இல்லப்பா" என்றாள். "ஆறிப்போயிட்டீங்க."

சொல்லிவிட்டு அம்மாவிடம் போய்விட்டாள். மாதவராஜின் சட்டையில் குத்தியிருந்த மைக்கில் அது சுத்தமாகப் பதிவாகியிருந்தது. பஸ் சத்தம் இல்லை. குரலில் சோகமும் இல்லை. இன்னொரு தடவை எடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.