கடைசி பீஸ்

"என் உசுரு போனாலும் இந்தப் பெட்டி வெளியே போகாது" என்று தகரப் பெட்டியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார் லிப்ட் மெக்கானிக். அந்த இடத்தில் தையல் மெஷின் போட வேண்டும் என்பது மனைவியின் கட்சி. அவள் வரவழைத்த பழைய சாமான் கடைக்காரர் வாசலில் நின்றிருந்தார்.

மனிதரைக் குறை சொல்லவும் முடியாது. ஐந்து அண்ணன் தம்பிக்கும் ஒரே குடை என்று வளர்ந்தவர். கைக்கு வந்த பொருளை இன்னொருவன் அமுக்கிவிடாமலிருக்க, ஆணியால் அதில் ஒரு நட்சத்திரம் கீறி வைப்பார். தலை நரைத்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. இனிமேல் கிடைக்காது என்று யாராவது சொன்னால் போதும், உடைந்த பூட்டைக்கூட மடியில் வைத்துக் கொஞ்சுவார்.

"உள்ளே அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"எல்லாம் கிடைக்காத சரக்கு. பாரு."

கழுத்தில் தொங்கிய சாவியால் திறந்தார். மேலே, போன வாரம் வாங்கிய டார்ச் லைட். அடியில் விரித்திருந்த செய்தித்தாளை விலக்கினார். பெட்டி நிறையப் போர்வைகள். மெக்கானிக் அடிவரை கிளறிப் பார்த்தார்.

"என் ரேடியோ எங்கடி? பித்தளைக் குழாய் எங்க?"

"எல்லாம் இவரு கடைக்குப் போயிடுச்சு. கீல் திருகைக் கழட்டிட்டா பூட்டு எதுக்குங்க? நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

"டார்ச்சையாவது விட்டு வெச்சியே."

"அதுவும் மூணு தடவை போச்சு. மூணு தடவையும் நீங்களே வாங்கிட்டு வந்துட்டீங்க."

"உளறாதே. இது மூணு ஸ்டார் கம்பெனி. பார்த்துத்தான் வாங்கினேன்."

"இப்ப எத்தனை ஸ்டார் இருக்கு?"

எண்ணினார். நான்கு. கடைசியாக அவர் கீறியதும், கம்பெனி முத்திரை என்று நம்பிய மற்ற மூன்றும் ஒரே கோணல்.

"ஏன்யா, நாம சிநேகிதம்தானே? கடைசி பீஸுன்னு சொல்லித்தானே வித்தே?" என்றார் கடைக்காரரிடம்.

"பொய் சொல்லலியே அண்ணே. எங்கிட்ட எப்பவும் அது ஒண்ணுதான் இருந்துச்சு."

மனைவி போர்வைகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கடைக்காரர் பெட்டியை வண்டியில் ஏற்றித் துண்டால் தூசி தட்டினார்.

"இந்தத் தகரத்துல இப்ப யாரும் பெட்டி செய்யறதில்லண்ணே. இதோட சரி."

மெக்கானிக் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு வண்டியருகே போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"யாருக்கும் குடுத்துடாதே. சாயங்காலம் நானே வர்றேன்."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "போறப்ப மறக்காம ஆணியை எடுத்துட்டுப் போங்க."